காதில் விழாத எஸ்

பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’ என்று பொருள். அந்த மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர் யாரும் சிரிக்காமல் கடக்க முடியாத இடம் இது. ‘வாஸி’ என்றாலும் போ என்பதுதான். அங்கே போ, ஆரம்பி, தயங்காமல் செய் என்று பேச்சில் அதற்குப் பல நிழல்கள் உண்டு. சிரித்து முடித்த பிறகு ஒரு சந்தேகம் எழும். ‘வா’வுக்குப் பின்னால் ‘அங்கே’ என்ற பொருள் தரும் ‘ஈ’ வந்ததும், நடுவில் ஒரு ‘ஸ’ எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ‘வா’ தனியாக நிற்கும்போது அது எழுத்திலும் இல்லை, பேச்சிலும் இல்லை.

பாடநூல் இதற்குத் தரும் விளக்கம் சுருக்கமானது. பிரெஞ்சு ஏவலுக்கு மூன்றே வடிவங்கள்: நீ என்னும் ‘தூ’வுக்கு ஒன்று, நாம் என்னும் ‘நூ’வுக்கு ஒன்று, நீங்கள் என்னும் ‘வூ’வுக்கு ஒன்று. நிகழ்கால வாக்கியத்தை எடுத்து எழுவாயை நீக்கினால் ஏவல் கிடைத்துவிடும். ‘வூ பார்லே’ என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். ‘வூ’வை எடுத்துவிட்டால் மிஞ்சும் ‘பார்லே’ பேசுங்கள் என்று ஏவும். ‘நூ பார்லோன்’ என்பது நாம் பேசுகிறோம். வெறும் ‘பார்லோன்’ என்றால் பேசுவோம் வாருங்கள். ‘தூ பார்ல்’ நீ பேசுகிறாய், ‘பார்ல்’ பேசு. இந்த மூன்றாவதில் மட்டும் எழுத்தில் ஒரு சிக்கல். நீ பேசுகிறாய் என்று எழுதும்போது சொல்லின் கடைசியில் ஓர் எஸ் இருக்கிறது. பேசு என்று எழுதும்போது இல்லை. ஒலியில் இரண்டும் ஒன்றுதான். அந்த எஸ் யார் காதிலும் விழுவதில்லை.

ஆகவே மாணவருக்குச் சொல்லப்படும் விதி இப்படிப் போகும். மூல வடிவம் ‘ஈ, ஆர்’ என்ற இரண்டு எழுத்தில் முடியும் வினைகளுக்கு ஒருமை ஏவலில் எஸ்ஸை வெட்டிவிடு. பார், சொல், செய், முடி முதலிய மற்ற வினைகளில் வெட்டாதே. வெட்டிய வினைக்குப் பின்னால் ‘ஈ’ அல்லது ‘ஆன்’ என்ற ஒட்டுச்சொல் வந்தால், வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிடு. தேர்வுக்கு இது போதும். மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் வரலாற்றில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

லத்தீனில் நீ பாடுகிறாய் என்பது ‘கான்டாஸ்’, பாடு என்பது ‘கான்டா’. எஸ் என்பது முன்னிலை ஒருமையின் விகுதி. ஏவலுக்கு அந்த விகுதி தேவைப்படவே இல்லை, அது வெறும் அடிச்சொல்லாகவே நின்றது. தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நட, பாடு, செய் என்று விகுதி எதுவும் இல்லாமல்தான் நாமும் ஏவுகிறோம். நன்னூலார் வினைப் பகுதிகளுக்கு வாய்பாடாக எடுத்துக் காட்டும் 23 சொற்களும் ஏவலாக நிற்பவையே. லத்தீனின் இந்த இணை அப்படியே பழைய பிரெஞ்சுக்குள் இறங்கியது. பாடுகிறாய் என்பதற்கு எஸ் இருந்தது, பாடு என்பதற்கு இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றை எப்படி வெட்டுவது?

வெட்டாதே என்று விதி சொல்லும் வினைகளின் கதை இன்னும் சுவையானது. லத்தீனில் பார் என்பது ‘விதே’, வா என்பது ‘வேனி’, சொல் என்பது ‘டிக்’, செய் என்பது ‘ஃபாக்’. எதிலும் எஸ் கிடையாது. இவற்றிலிருந்து வந்த பழைய பிரெஞ்சு ஏவல்களும் எஸ் இல்லாமல்தான் எழுதப்பட்டன. இடைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, நிகழ்காலத்தின் சாயலில், அவற்றின் வாலில் ஓர் எஸ் வந்து ஒட்டிக்கொண்டது. நீ பார்க்கிறாய் என்பதில் எஸ் இருக்கிறதே, பார் என்பதிலும் இருக்கட்டும் என்று எழுதுகிறவர்களின் கை பழகிவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் நான் பார்க்கிறேன் என்பதற்கும் அதே எஸ் வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில்கூட வழக்கு முழுதாக உறைந்துவிடவில்லை. எதுகைக்குத் தேவைப்பட்ட இடத்தில் கவிஞர்கள் எஸ் இல்லாத பழைய வடிவத்தையே எழுதினார்கள். ஆக, எஸ் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் வினைகளில் எதுவும் வெட்டப்படவில்லை. இயல்பாக இருப்பதாக நினைக்கப்படும் வினைகள் பலவற்றில்தான் அது பிற்பாடு ஒட்டப்பட்டது.

இதற்குச் சாட்சி ஒவ்வொரு பிரெஞ்சுக்காரர் வாயிலும் தினமும் வருகிறது. ‘வுவாசி’ என்றால் இதோ, ‘வுவாலா’ என்றால் அதோ. முதல் பாதி பார் என்ற ஏவல். ‘சி’ இங்கே, ‘லா’ அங்கே. இங்கே பார், அங்கே பார் என்று இரண்டு சொல்லாக இருந்தவை காலப்போக்கில் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. இன்று தனியாகப் பார் என்று ஏவினால் எஸ் போட்டு எழுதியாக வேண்டும். இந்த இரண்டு சொற்களுக்குள்ளோ எஸ் இல்லை. புதிய பழக்கம் பார் என்ற ஏவலைத் தொற்றும் முன்பே இவை பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன.

பெரும்பான்மை வினைகள் மட்டும் இந்தத் தொற்றிலிருந்து தப்பியது எப்படி? எண்ணிக்கைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ‘ஈ, ஆர்’ வகையைச் சேர்ந்தவை. நாள்தோறும் வாயில் புழங்குகிற அத்தனை பெரிய கூட்டத்தைச் சிறுபான்மையின் பழக்கம் அசைக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தின் ஏவல் ‘ஈ’ எழுத்தில் முடிகிறது. அதே எழுத்தில் முடிகிற வேறு சில ஏவல்களும், திற என்னும் ‘ஊவ்ர்’, கொடுக்க முன்வா என்னும் ‘ஒஃப்ர்’, பறி என்னும் ‘கெய்’ போன்றவை, எஸ் இல்லாமலே தங்கிவிட்டன. எனவே வினையின் வகையைப் பார்க்காமல் கடைசி எழுத்தைப் பார்ப்பதே எளிது: ‘ஈ’யில் முடிந்தால் எஸ் கிடையாது. விதிவிலக்கு நம்முடைய ‘வா’ ஒன்றுதான்.

அப்படியானால் ‘வாஸி’யில் முளைத்த ஸகரம்? மணி, அடி இரண்டும் சேரும்போது நாம் ஒரு யகரத்தை நடுவே விட்டு மணியடி என்கிறோமே, அதே வேலைதான். இரண்டு உயிர்கள் மோதாமல் இருக்க ஓர் உடம்படுமெய். பிரெஞ்சு அதற்கு ஸகரத்தைத் தேர்ந்தது, அதை ஆங்கில இசட் போல அதிரவும் வைத்தது. முன்னிலை வினைகளின் வாலில் அந்த ஒலி ஏற்கெனவே பழகியிருந்ததுதான் காரணம். ‘மான்ஜ்’ என்றால் தின்னு. அதில் கொஞ்சம் தின்னு என்றால் ‘மான்ஜ்-ஸான்’. ஆனால் நகரத்துக்குப் போ என்பதிலும் ‘ஆன்’ என்றொரு சொல் வருகிறது, அங்கே உடம்படுமெய் கிடையாது. ஏனென்றால் அந்த ‘ஆன்’ வினையோடு ஒட்டியதல்ல, பின்னால் வரும் நகரத்தோடு ஒட்டிய முன்னிடைச்சொல். எழுதும்போது இங்கே தடுக்கி விழுகிறவர்கள் பிரெஞ்சுக்காரர்களிலேயே நிறைய.

பன்மை ஏவலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லத்தீனின் பன்மை ஏவல் அழிந்துபோனது. நிகழ்காலத்தின் ‘வூ’ வடிவம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எழுவாயை நீக்கு என்ற பாடநூல் விதி உண்மையாகப் பொருந்துவது இங்கேதான். லத்தீன் ஏவலில் பிரெஞ்சு பிழைக்கவிட்டது ஒருமையை மட்டுமே.

‘நூ’ வடிவத்தில் ஒரு தமிழ் வாசகர் பிரெஞ்சுக்காரரைவிடக் கூர்மையாகப் பார்க்க முடியும். பிரெஞ்சில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘நூ’ என்ற ஒரே சொல்தான். நாங்கள் போகிறோம், நீ இரு என்றாலும் ‘நூ’. நாம் போகிறோம், நீயும் வா என்றாலும் ‘நூ’. ஏவலில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. ‘அலோன்’, போவோம் என்று சொன்னால் கேட்கிறவரும் கட்டாயம் அதில் அடக்கம், அது எப்போதும் ‘நாம்’தான். பிரான்சின் நாட்டுப்பாடலாகிய மார்சேயேஸ், 1792இல் ரூஜே த லீல் எழுதியது, இந்த ‘நூ’ ஏவலில்தான் தொடங்குகிறது. அதன் பல்லவி ‘வூ’ ஏவலில் குடிமக்களை அணிவகுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘நூ’வுக்கு மாறுகிறது. கட்டளையிட்டவரும் படையோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

நிகழ்காலத்திலிருந்து ஏவல் பிறக்கிறது என்ற விதிக்கு அடங்காத வினைகள் நான்கு: இரு, உடைமையாகக் கொள், அறி, விரும்பு. ‘சுவா’, ‘எ’, ‘சாஷ்’, ‘வோய்’ என்று இவற்றின் ஏவல்கள் நிகழ்காலத்தோடு எந்த உறவும் காட்டுவதில்லை. இவை விழைவு வடிவத்திலிருந்து வந்தவை, நம் வியங்கோளுக்குப் பக்கத்து வீடு. பொருளை யோசித்தால் காரணம் புரியும். எழுந்திரு, கதவைத் திற என்று ஒருவரை ஏவலாம். நல்லவனாய் இரு, தைரியம் கொள், இதை விரும்பு என்பவை கேட்டவர் உடனே எழுந்து செய்துமுடிக்கக் கூடியவை அல்ல. அவை ஏவலின் உடையில் வந்த வேண்டுதல்கள். விழைவுக்கும் ஏவலுக்கும் இடையே மொழி சிறு வேறுபாடும் வைத்தது: நீங்கள் அறியவேண்டும் என்னும் விழைவு ‘சாஷியே’, அறியுங்கள் என்னும் ஏவல் ‘சாஷே’. முடியும் என்ற பொருள் தரும் ‘புவுவார்’ வினைக்கோ ஏவலே கிடையாது. வல்லவனாகு என்று யாரை, எப்படி ஏவுவது?

விரும்புங்கள் என்னும் ‘வோயே’ பிரெஞ்சுக் கடிதங்களின் கடைசி வரியில் குடியேறிவிட்டது. என் மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ள விரும்புங்கள் ஐயா, என்ற பாணியில் முடியாத அலுவலகக் கடிதம் அங்கே மரியாதை கெட்டதாகத் தோன்றும். மின்கட்டணம் பாக்கி என்று மிரட்டும் கடிதமும் இப்படித்தான் முடியும். அதிலும் ‘வூ’தான் வரும். 1793 இறுதியில், புரட்சியின் உச்சத்தில், எல்லோரும் சமம் என்று சொல்லி எல்லோரையும் ‘தூ’ என்று அழைக்கும் வழக்கம் அரசுக் கடிதங்கள் வரை போனது. சில ஆண்டுகளுக்குமேல் அது நிலைக்கவில்லை.

பிரெஞ்சு ஏவலில் வெளியார் மிகவும் தடுமாறும் இடம் வடிவமல்ல, பதிலிப்பெயர் நிற்கும் இடம். அதை எனக்குக் கொடு என்பது ‘தொன்-ல-முவா’: கொடு, அதை, எனக்கு. அதை எனக்குக் கொடுக்காதே என்பது ‘ந ம ல தொன் பா’. சொற்கள் வினைக்கு முன்னால் தாவிவிட்டன, தங்களுக்குள் வரிசையும் மாறிவிட்டது, எனக்கு என்னும் ‘முவா’ மெலிந்து ‘ம’ ஆகிவிட்டது. ஒரே கட்டளையை எதிர்மறையாக்க இத்தனை இடமாற்றமா என்று மாணவர் நொந்துகொள்வது நியாயமே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடோல்ஃப் டோப்ளர், அடோல்ஃபோ முஸ்ஸாஃபியா என்ற இரு மொழியியலாளர்கள் ரோமானிய மொழிகளின் பழைய நூல்களில் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். அழுத்தமில்லாத பதிலிப்பெயர் வாக்கியத்தின் முதல் சொல்லாக நிற்காது. சாய்ந்துகொள்ள அதற்கு முன்னால் ஏதாவது ஒரு சொல் வேண்டும். ஏவலில் எழுவாய் இல்லை, வினையே முதலில் வருகிறது. எனவே பதிலிப்பெயர் வினைக்குப் பின்னால்தான் போக முடியும். எதிர்மறையில் ‘ந’ முதலில் வந்துவிடுகிறது. அதன் தோளில் சாய்ந்து பதிலிப்பெயர் தன் வழக்கமான இடத்தில், வினைக்கு முன்னால், நிற்கலாம். கடைசியில் நிற்கும்போது ‘ம’ ஏன் ‘முவா’ ஆகிறது என்பதற்கும் காரணம் ஒலிதான். பிரெஞ்சு, சொற்றொடரின் கடைசி அசையை அழுத்தும். மெலிந்த ‘ம’ அந்தச் சுமையைத் தாங்காது. (அதை என்னும் ‘ல’வும் அதே அளவு மெலிந்ததுதான், அது மட்டும் எப்படியோ தாங்குகிறது. மொழியில் எல்லாவற்றுக்கும் நீதி கிடைப்பதில்லை.)

முன்னால் ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும் என்பதால், 17ஆம் நூற்றாண்டு வரை இரண்டு ஏவல்கள் ‘உம்’மைச் சொல்லால் இணையும்போது, இரண்டாவதில் பதிலிப்பெயர் வினைக்கு முன்னால் வரலாம். 1637இல் அரங்கேறிய கோர்னேயின் ‘ல சீத்’ நாடகத்திலும், 1674இல் வெளிவந்த புவாலோவின் கவிதைக் கலை நூலிலும் இந்த வரிசையைக் காணலாம். இன்று அப்படி எழுதினால் வேண்டுமென்றே பழமை பூசியது போலிருக்கும். இன்னொரு முனையில், பேச்சு வழக்கு ‘ந’வை விழுங்கிவிடுகிறது. ‘ம ல தொன் பா’ என்று பதிலிப்பெயரே வாக்கியத்தைத் தொடங்கிவைக்கிறது. கியூபெக்கிலோ ‘தொன்-முவா-ல பா’ என்று எதிர்மறையிலும் பதிலிப்பெயர்கள் பின்னால் போவதைக் கேட்கலாம். விதியைப் பிறப்பித்த காரணம் செத்துப்போன பிறகு, ஆளுக்கொரு வழியில் அதைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

இந்த இலக்கணத்தைத் தெரிந்துகொண்டால் விமானிகளின் அபாயக் குரலில் ஒரு புதிர் கேட்கும். ‘மேடே’ என்ற அழைப்பை 1920களின் தொடக்கத்தில் லண்டன் குரோய்டன் விமான நிலையத்தின் வானொலி அதிகாரி ஃபிரெடரிக் மாக்ஃபர்ட் முன்மொழிந்தார். அன்று அங்கே போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிஸ் அருகிலுள்ள ல பூர்ஜே நிலையத்தோடுதான், எனவே பிரெஞ்சுக் காதுக்கும் புரிகிற சொல் தேவைப்பட்டது. 1927இல் வாஷிங்டனில் கூடிய வானொலித் தந்தி மாநாடு அதை உலகப் பொதுக் குறியாக ஏற்றது. எனக்கு உதவுங்கள் என்னும் பிரெஞ்சு ஏவல் அது என்று பலரும் விளக்குவார்கள். அது பொருந்தாது. உதவுங்கள் எனக்கு என்பது பிரெஞ்சில் ‘எதே-முவா’தான், ‘மெதே’ என்று பதிலிப்பெயரை முன்னால் வைத்து உடன்பாட்டில் ஏவ முடியாது. எனக்கு உதவ வாருங்கள் என்னும் ‘வனே மெதே’யின் பிற்பாதியாக எடுத்துக்கொண்டால் இலக்கணம் ஒத்துவரும். அங்கே ‘மெதே’ ஏவல் அல்ல, மூல வடிவம். மூல வடிவத்துக்கு முன்னால்தான் பதிலிப்பெயர் நிற்கும். இரண்டுக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று. தீப்பிடித்த விமானத்திலிருந்து கூப்பிடுகிறவரிடம் யாரும் எழுத்தைக் கேட்கப் போவதில்லை.

இப்படி நாடு கடந்து போன பிரெஞ்சு ஏவல்கள் வேறும் உண்டு. டென்னிஸ் என்ற சொல்லே ‘தனே’, பிடியுங்கள் என்ற ஏவலிலிருந்து வந்ததாகச் சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. பந்தைப் போடுகிறவர் எதிராளியை எச்சரிக்கும் குரல். அமெரிக்க உச்சநீதிமன்றம் அமரும்போது மூன்று முறை ஒலிக்கும் ‘ஒயே’, கேளுங்கள் என்னும் பழைய நார்மன் ஏவல். அந்த வினை பிரான்சிலேயே கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. நம் கல்யாணப் பத்திரிகைகளின் ஆங்கிலப் பக்கத்தில், கீழ் மூலையில், ஆர்.எஸ்.வி.பி. என்று நான்கு எழுத்து இருக்கும். ‘ரெபோந்தே சில் வூ ப்ளே’, உங்களுக்கு விருப்பமானால் பதில் சொல்லுங்கள் என்பதன் சுருக்கம். ஊரில் இதுவரை யாராவது அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஏவல் வடிவம் இத்தனை இருந்தும், பிரெஞ்சில் கனமான கட்டளைகள் அதைத் தொடுவதில்லை. விவிலியத்தின் பத்துக் கட்டளைகள் பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் எதிர்காலத்தில் இருக்கும்: நீ கொல்லமாட்டாய் என்ற தொனியில். ஓய்வுநாளை நினைவில் கொள்ளவும் தாய் தந்தையரை மதிக்கவும் சொல்லும் கட்டளைகள் பெரும்பாலும் ஏவலில் வரும். 1804இன் குடிமைச் சட்டத் தொகுப்பு ஏவலும் இல்லாமல் எதிர்காலமும் அதிகம் இல்லாமல் நிகழ்காலத்திலேயே பேசுகிறது. யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைப் போல, சொல்லிவிட்டு நகர்கிறது. ரயில் ஜன்னலிலும் மருந்துப் புட்டியிலும் மூல வடிவம்: சாயாதிருத்தல், குலுக்குதல். யாரிடமும் குறிப்பாகச் சொல்லாததால் தூவா வூவா என்ற சங்கடம் அதில் இல்லை. சமையல் குறிப்பு 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘மெனாஜியே த பரி’ நூலில் எடுங்கள், நறுக்குங்கள் என்று ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசியது. இன்றைய குறிப்புகள் பலவற்றில் உப்பு சேர்த்தல், கிளறுதல் என்று ஆளே இல்லாத அடுக்களையாகிவிட்டது. ஆள் எதிரில் நிற்கும்போதுதான் ஏவலுக்கு உயிர்.

எதிரில் நிற்கிறவரை எதுவும் செய்யச் சொல்லாத ஏவல்களும் உண்டு. ‘வுவாயோன்’, பார்ப்போம் என்பது அதட்டல். ‘தி தோன்’, சொல்லேன் என்பது வியப்பு. சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி முடிவில் ஒரு ‘வா’ சேர்ப்பார்கள். நாம் அதே இடத்தில் ‘சரியாயிடும் போ’ என்போம். எதிர்பாராத நேரத்தில் ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றால், ‘தியேன், வூ வுவாலா!’ என்பார்கள். அட, நீங்களா! முதல் சொல் பிடி என்ற ஏவல், கடைசிச் சொல்லுக்குள் பார் என்ற ஏவல். இரண்டும் ‘தூ’வுக்கு உரியவை, நடுவில் நிற்பதோ மரியாதையான ‘வூ’. முதலாவதன் வாலில் பிற்காலத்தில் வந்து ஒட்டிய எஸ் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இதில் எதுவும் தெரியாது. பெரியவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருப்பார்.